வலது உள்ளங்கை

மருதையன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து குருவின் முன் நின்றான். உச்சி வெயில். மலைக்குப் போகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் அந்தச் சிறு மடத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. குரு ஒற்றைக் கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவனைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் பதினோரு வருடமாக அவன் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான்.

"நான் போறேன் அம்மா."

"எங்கே?"

"அடுப்பு இல்லாத, ஆள் இல்லாத இடமாப் பாத்து."

"அப்படி ஓர் ஊர் இருந்தா எனக்கும் சொல்லு. இந்தக் கல்லைப் பொறுக்கி மாளலை."

அவன் சிரிக்கவில்லை.

காலையில் கொதிக்கும் கஞ்சிச் சட்டியை இறக்கியது அவனுக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, வாசல் வேம்பின் அடியில் நிற்பது. இடையில் ஒன்றுமில்லை. உள்ளே ஓடினான். தரையில் கஞ்சி சிந்தி ஆவி பறந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, சாப்பிட வந்தவள் ஒருத்தியின் குழந்தை உட்கார்ந்திருந்தது. அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

இது புதிதல்ல. ஏழு வயதில் ஒருநாள் வைக்கோல் போரின் உச்சியில் நின்றான். கீழே தாய்மாமன் கையை நீட்டி, "குதிடா, பிடிச்சுக்கறேன்" என்றார். குதித்தான். அந்த நேரம் பார்த்து யாரோ மாமனைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பினார். கீழே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி இருந்தது.

ஒன்பதாம் நாள் கண் விழித்தான். பிழைத்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. சொல்ல வந்த சொல் பாதியில் தொலைந்துபோகும். காரணமில்லாமல் கோபம் பொங்கும். வளர்ந்த பிறகு அந்தக் கோபத்தால் இரண்டு வேலைகள் போயின. பிறகு மனைவியும் போனாள். தலையிலிருந்த தழும்புகூட மறைந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டார்கள் எல்லோரும்.

"அப்பப்போ நான் இல்லாமப் போயிடறேன் அம்மா. அந்த நேரத்துல இந்த உடம்புக்குள்ள வேற யாரோ வரான்."

"எப்படித் தெரியும்?"

அவன் வலது கையை விரித்துக் காட்டினான்.

"நான் திரும்பி வரப்போ இந்த உள்ளங்கை மட்டும் சூடா இருக்கும். யாரோட கையையோ பிடிச்சிட்டிருந்த மாதிரி. சுத்திப் பாப்பேன். பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்க. நீங்க மட்டும் எங்கேயோ தள்ளி வேலையா இருப்பீங்க."

"ம்."

"அவனை ஓட்டிவிடுங்க. முடியாதுன்னா என்னைப் போக விடுங்க. ஒருநாள் அவன் யாரையாவது கொன்னுடுவான்."

குரு முறத்தைக் கீழே வைத்தார்.

"அவனை எனக்குத் தெரியும்."

மருதையன் விரித்த கையை மடக்கிக்கொண்டான்.

"வரும்போதெல்லாம் பாக்கறேனே. கையில இருக்கறதை விட்டுடுவான். ஏதோ உசரத்துல நிக்கிறவன் மாதிரி கீழே பாப்பான். அப்புறம் கையை நீட்டுவான்."

"பேசுவானா?"

"ஒண்ணே ஒண்ணுதான். 'குதிக்கட்டுமா?'ம்பான்."

வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. மருதையன் மூட்டையைத் தரையில் வைத்தான். குருவின் இடது கையில் சுற்றியிருந்த ஈரத் துணியை அப்போதுதான் கவனித்தான்.

"அந்தச் சட்டியை..."

"வாங்கறதுக்குள்ள பாதி சிந்திடுச்சு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. நாளையிலேருந்து அடுப்பு என் பாடு. நீ உக்காந்து கல் பொறுக்கு."

"அவனை ஓட்ட முடியாதா அம்மா?"

"ஏழு வயசுப் பிள்ளையை எங்கேடா ஓட்டறது?"

அவன் மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அவன் கையை நீட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பிடிச்சுக்குவேன்."

"அந்த நேரம் பாத்து யாராவது கூப்பிட்டா?"

"திரும்பமாட்டேன்."

"அவன் போயிட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குரு மறுபடி முறத்தை எடுத்தார்.

"நான் பிடிச்சிருக்கற கை பெரிசாயிடும்."