ஆலோசனை என்றால் வம்பில்லையாம்

முன்னொரு காலத்தில், தன் மீசை நரைத்துப்போனதை ஒப்புக்கொள்ளாத ராஜா ஒருவர் இருந்தார். அவர் மீசைக்குச் சாயம் பூசுகிறார் என்று ஊருக்குள் ஒரு பேச்சுக் கிளம்பியது. யார் கிளப்பினார்களோ தெரியாது. கண் இருக்கிற எவரும் கிளப்பியிருக்கலாம்.

மந்திரி கங்காதரராயர் சும்மா இருப்பாரா? அரண்மனைக்குப் பூக்கட்டித் தருபவள் செண்பகவடிவு. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர். "பிரபு, அந்தப் பூக்காரிதான் வீடுவீடாகச் சொல்லித் திரிகிறாள்" என்று ராஜாவின் காதில் போட்டார். சபையே ஆமாம் போட்டது. கோள்மூட்டி என்றார் ஒருவர். வம்புக்காரி என்றார் இன்னொருவர். வாயாடி, ஓட்டைவாய் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். நாலு நாளாகச் சபையில் வேறு பேச்சே இல்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்காவது தோன்றியதா? சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

ராஜா ஆணையிட்டார்: "எதிரே இல்லாதவரைப் பற்றிப் பேசித் திரிபவர் யாராயினும் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு வெளியே துரத்துங்கள். ஒருவரும் தப்பக்கூடாது!"

விகடகவி சாத்தப்பனின் பேச்சுக்கு ராஜா சிரிப்பதே ராயருக்கு ஆகாது. இதுதான் சமயம் என்று, "இப்பொறுப்பைச் சாத்தப்பனிடமே ஒப்படையுங்கள் பிரபு. ஒருவர் தப்பினாலும் கழுதைமேல் அவரே ஏறட்டும்" என்றார். ராஜாவும் சம்மதித்தார்.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. ஊரிலுள்ள கழுதைகளெல்லாம் அங்கே நின்றன. ஓரமாகச் செண்பகவடிவு இரண்டு குழந்தைகளோடு அழுதுகொண்டிருந்தாள்.

"ஒருத்திக்கு இத்தனை கழுதைகள் எதற்கு?" என்றார் ராஜா.

"பிரபு, நாலு நாளாக இச்சபை இவளைப் பற்றியே பேசியது. அப்போது இவள் இங்கே இருந்தாளா? ஒருவரும் தப்பக்கூடாது என்பது தங்கள் ஆணை. ராயர் முதலில் ஏறட்டும்" என்றார் சாத்தப்பன்.

ராயர் துள்ளினார். "நாங்கள் பேசியது ராஜாங்க ஆலோசனை!"

"ஓகோ! குளத்தங்கரையில் பேசினால் வம்பு, கொலுமண்டபத்தில் பேசினால் ஆலோசனையா? அவளுக்கு இத்தனை பெயர் வைத்தீர்களே, உங்களுக்கென்று ஒன்றுகூடவா வைத்துக்கொள்ளவில்லை?" சாத்தப்பனின் குரலில் அன்று விகடமே இல்லை.

ஒரு கழுதையின் முதுகில் மட்டும் பட்டு விரித்திருந்தது. "அது யாருக்கு?" என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"கேட்டுக்கொண்டிருந்தவரும் நடுவில் இரண்டு வார்த்தை பேசினாரே, பிரபு."

ராஜா பட்டைப் பார்த்தார், தன் மீசையைத் தடவினார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையை ரத்துசெய்து, தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது.

செண்பகவடிவு சிரிக்கவில்லை. "நாலு நாளா என்கிட்ட ஒருத்தரும் பூ வாங்கலீங்க மகாராசா. வாசல்ல நின்னா கதவைச் சாத்துறாங்க. நீங்க சிரிச்சிட்டீங்க. சாத்தின கதவை யாருங்க தொறக்குறது?"

ராஜாவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை ராஜா செண்பகவடிவோடு தெருத்தெருவாக நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன். இவள்மேல் குற்றமில்லை" என்று தன் வாயால் சொன்னார். பூக்கூடையைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்தவர் கங்காதரராயர். பார்த்தவர்கள் ஊரெல்லாம் போய் அதையே பேசினார்கள்.

பேசட்டுமே!