உண்ணிக்கொக்கின் சிறகு

தூவி என்ற உண்ணிக்கொக்கு குளக்கரையில் புள்ளிமானின் காதுக்குள் அலகை விட்டு ஓர் உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிளையில் இருந்த காக்கை அவசரப்படுத்தியது.

“போதும், போதும்! வெயில் ஏறினால் மலையைத் தாண்ட முடியாது. கிளம்பு!”

“இருங்கள் காக்கையாரே! உண்ணியின் தலை உள்ளேயே தங்கினால் சீழ் வைக்கும்.”

அந்த ஆம்பல் குளத்துக் காட்டில் முன்பு ஏழு உண்ணிக்கொக்குகள் இருந்தன. உண்ணி எடுப்பது, முள் பிடுங்குவது, புண்ணில் புழுப் பொறுக்குவது எல்லாம் அவைதான். மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரிக்காடு. அங்கே இருந்த யானைகள், “நன்றாகத் தொழில் பழகிய கொக்காகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வா!” என்று காக்கையை அனுப்பும். காக்கை வந்து வந்து ஆறு கொக்குகளைக் கூட்டிப்போய்விட்டது. மிச்சம் தூவி ஒன்றுதான். இன்றைக்கு அதுவும் குஞ்சுகளோடு கிளம்புகிறது.

“ஐயையோ, தூவியும் போகிறதாம்!”

மான் போட்ட சத்தத்தில் காடே கூடிவிட்டது. கரடி ஓடி வந்தது. தரையில் இறங்கிய தூவியின் சிறகைக் காலால் அமுக்கிக்கொண்டது.

“நீ தொழில் பழகியது யார் காதில்? என் காதில்! எத்தனை தடவை தப்பாகக் குத்தினாய்! பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேனே! பழகி முடித்ததும் யானைக்கு வேலை செய்யப் போகிறாயா?”

“உங்கள் காதுத் தழும்பைப் பார்த்தால் எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது அண்ணா. ஆனால்...”

“ஆனால் கீனால் எல்லாம் வேண்டாம்!”

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கத்தியது. “சிறகைக் கடித்துப் போடு! அப்புறம் எப்படிப் பறக்கும், பார்ப்போம்!”

“கடி! கடி!” என்றன எல்லாம்.

கரடி வாயைத் திறந்த நேரம், புதரை முறித்துக்கொண்டு ஒரு காட்டெருமை ஓடி வந்தது. பின்னால் மொட்டு என்ற அதன் கன்று தள்ளாடி வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. மூச்சு விடும்போதெல்லாம் கர் கர் என்று சத்தம்.

“குளத்தில் தண்ணீர் குடித்தான். மூக்குக்குள் அட்டை ஏறிவிட்டது! மூன்று நாளாய் உள்ளேயே ஊதிக் கிடக்கிறது. தூவி, என் பிள்ளை செத்துப்போவான்!”

“எடுக்கலாம் அக்கா. ஆனால் அவன் மூக்கில் தலைகீழாய்த் தொங்கி, சிறகை அடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.”

எருமை கரடியைப் பார்த்தது. “காலை எடு!”

“எடுத்தால் பறந்துபோய்விடுமே!”

“போனால் போகட்டும். நீ சிறகைக் கடித்தால் என் பிள்ளை இப்போதே போய்விடுவான். எடு காலை!”

எருமை கொம்பைத் தாழ்த்தியது. கரடி மெல்லக் காலைத் தூக்கியது.

“இதுதான் சமயம், பற!” என்று கத்தியது காக்கை.

தூவி விசுக்கென்று மேலே எழும்பியது. எருமை அண்ணாந்து பார்த்தது. ஒரே ஒரு சுற்று. பிறகு வெள்ளைத் துணி விழுவதுபோல் இறங்கி, கன்றின் மூக்கில் உட்கார்ந்தது.

“மொட்டு, தண்ணீருக்கு மேலே மூக்கைப் பிடி. குடிக்கக் கூடாது! அட்டைக்குத் தண்ணீர் வாசம் பட்டால் அதுவே எட்டிப் பார்க்கும்.”

தூவி தலைகீழாய்த் தொங்கியது. இறக்கைகள் படபடவென்று அடித்தன. தலை மட்டும் ஆடவே இல்லை. உடம்பு முழுக்கக் காற்றில் ஆட, அந்த அலகு மட்டும் கல்லில் அடித்த ஆணிபோல் நின்றது. அப்பப்பா! இத்தனை நாளும் கூடி நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதானே காதைக் காட்டியிருக்கிறார்கள்? தூவி வேலை செய்வதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. தூவி அசையவில்லை. நுனி உள்ளே போய்விட்டது. மறுபடி வந்தது, இன்னும் கொஞ்சம் நீளமாக. லபக்! பிடித்தது. ஆனால் இழுக்கவில்லை. அட்டை தானாகப் பிடியை விடும்வரை அப்படியே தொங்கியது. கரடிக்கு வாய் திறந்தபடியே இருந்தது. விரல் தடிமன் அட்டை வழுக்கி வெளியே வந்தது.

மொட்டு ஒரு பெரிய மூச்சை இழுத்தான். குளத்துத் தண்ணீரே சிலிர்த்தது.

எருமைதான் கேட்டது. “ஏன் தங்கச்சி போகிறாய்?”

தூவி தலையைக் குனிந்துகொண்டது. “குஞ்சுகளுக்கு இரை இல்லை அக்கா. பொழுதுக்கும் உங்கள் உண்ணியை எடுக்கிறேன். முடித்துவிட்டுப் போனால் குளத்தில் மீன் மேயும் மேற்கு மூலையைக் கலக்கிச் சேறாக்கி வைத்திருக்கிறீர்கள். நேற்று மூன்றும் பட்டினி.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?”

“யாரும் கேட்கவில்லையே! அந்த ஆறு பேரையும்தான் யாரும் கேட்கவில்லை.”

கரடி காதைச் சொறிந்தது. “அது நான் குளிக்கிற இடம்...” என்று இழுத்தது. எருமை முறைத்தது. “சரி சரி! இனிமேல் அந்த மூலை கொக்குக்கு. அங்கே எவனாவது கால் வைத்தால் என்னிடம் பதில் சொல்லணும்!” என்றது கரடி.

“அதெல்லாம் இருக்கட்டும், நீ வருகிறாயா இல்லையா? யானைகள் கேட்டால் என்ன சொல்வேன்?” என்றது காக்கை.

“காக்கையாரே, அந்த ஏரிக்காட்டிலும் கொக்குக் குஞ்சுகள் பிறக்குமே! அவற்றுக்கு யானைகளே தொழில் பழக்கிக்கொண்டால்...”

“தூவி! சீக்கிரம் வா! முயலுக்குக் காலில் முள்!” என்று மான் கூவியது.

தூவி பாதிப் பேச்சோடு முயலைத் தேடிப் பறந்துபோய்விட்டது.

உயிரைக் காக்கிறவர்கள் நம்மை விட்டுப் போகக் கூடாது என்றால், அவர்கள் சிறகைப் பிடிப்பதற்கு முன்னால் அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும்.