ரோஸ்லி பிரித்த ஓடு

"ஆசானே, இந்தப் பெட்டியும் காலி. ஒரு ஈ இல்ல."

தாசையன் அண்ணாச்சி வெறும் தேனீப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து முற்றத்தில் நின்றார். அறுபதைத் தாண்டிய மனுஷன். கண் கலங்கியிருந்தது.

ஆசான் என்பது எங்கள் ஊர் ரோஸ்லி. அண்ணாச்சிக்கு மகள் வயசு. தேனீ வளர்ப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பொம்பளையை ஆசான் என்றா கூப்பிடுவது என்று ஒருத்தன் அவளிடமே கேட்டான். அதற்கப்புறம் அவன் இந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

"மறுபடியும் கூட்டத்தோட ஓடிப்போச்சா?"

"போச்சு. எம் பொஞ்சாதி செத்த பிறகு அந்த வீட்டில சத்தம்னு ஒண்ணு இருந்தா இதுகளோட இரைச்சல்தான். இதுகளும் என்னை விட்டுட்டுப் போனா நான் யாருக்காக விடியக்காலம் எந்திரிக்கணும்?"

"எறும்பு ஏறிச்சா?"

"பெட்டிக்கால்ல தண்ணிக் கிண்ணம் வச்சிருக்கேன்."

"வெயிலு?"

"பலாமர நிழல்."

"நல்லாப் பார்த்துக்கிட்டீங்களா?"

"என்ன ஆசானே இப்படிக் கேட்டுட்டீங்க! காலையில எந்திரிச்சதும் திறந்து பார்ப்பேன். சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து பார்ப்பேன். புகை போட்டு, ஒவ்வொரு தேனடையா தூக்கி, ராணி சுகமா இருக்காளான்னு பார்க்காம எனக்குச் சோறு இறங்காது."

ரோஸ்லி அவர் தலையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தாள்.

"இன்னொரு கூட்டம் தாங்க ஆசானே. இதுதான் கடைசி. இதுவும் போனா கேட்கமாட்டேன்."

"நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாறேன். அப்புறம் பார்ப்போம்."

மறுநாள் அண்ணாச்சி சாளை மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தார். ஆளைக் காணோம். பசி பொறுக்காமல் தட்டைப் போட்டு உட்கார்ந்தார்.

தலைக்கு மேல் கடகடவென்று சத்தம்.

ஒரு ஓடு நகர்ந்தது. வெயில் நேராகச் சோற்றில் விழுந்தது. மேலே ரோஸ்லியின் முகம்.

"கர்த்தாவே!"

"ஒண்ணுமில்ல, சும்மா பார்த்தேன். நீங்க சாப்பிடுங்க."

ஓடு மூடிக்கொண்டது.

இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்காது. மறுபடியும் கடகட. இந்தத் தடவை ஒரு வரிசையே போனது. ஒட்டடையும் எலிப்புழுக்கையும் குழம்பில் விழுந்தன.

"ஆசானே! உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கண்ணு சிவந்திருக்கே அண்ணாச்சி. ராத்திரி உறங்கலியா?"

அவர் பதில் சொல்லும்முன் தேங்காய் நாரைக் கொளுத்தி உள்ளே புகையை ஊத ஆரம்பித்துவிட்டாள். அடப்பாவி மகளே! வெளியே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். இதற்குத்தான் என்னை அழைத்தாள் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன்.

அண்ணாச்சி எச்சில் கையோடு இருமிக்கொண்டே வெளியே பாய்ந்தார். முற்றத்தில்கூட நிற்கவில்லை. வேலியைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார்.

"இனி இந்த வீட்டில மனுஷன் இருப்பானா?" என்று அங்கிருந்து கத்தினார்.

ரோஸ்லி கூரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன் அண்ணாச்சி ஓடுறீங்க? சுகமா இருக்கீங்களான்னு பார்க்கத்தானே திறந்தேன்?"