மாஸ்டர் டம்பெல்லில் துரு

கரூரில் ஒரு ஜிம். அதை நடத்திய வஜ்ரவேல் மாஸ்டர், பெருக்கித் துடைக்க வரும் ராக்காயியிடம் ஒரு மாத்திரை டப்பாவை நீட்டினார்.

"இது ஆன்டிஆக்ஸிடன்ட். உடம்புக்குள்ள துரு பிடிக்காம பார்த்துக்கும். சாயங்காலத்துக்குள்ள யார்கிட்டயாவது வித்திடு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

அங்கே வருகிறவர்கள் நெல்லிக்காய் தின்றுவிட்டு எடை தூக்குகிறவர்கள். அந்த டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ராக்காயி அதை மடியில் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் ஜிம் நிறைய ஆட்கள்.

"வித்தியா?" என்றார் மாஸ்டர்.

"ஆள் பார்த்துட்டேன் சார். இவங்க தூக்குற இரும்பெல்லாம் கை பட்டுப் பட்டுப் பளபளன்னு இருக்கு. ஒண்ணே ஒண்ணுலதான் துரு."

மூலையில் கிடந்த பெரிய டம்பெல்லைக் காட்டினாள். 'மாஸ்டர் மட்டும்' என்று அதில் பெயின்டால் எழுதியிருந்தது.

"அதை ஏன் துடைக்கல?"

"யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் நான் தொடல. நீங்களும் தொடல போல."

ஜிம்மே சிரித்தது. மாஸ்டர் அந்த டப்பாவைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ராக்காயி எப்போதும்போல வேலைக்கு வந்தாள். உள்ளங்கையெல்லாம் துருவோடு, மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார் மாஸ்டர்.