காலியாக விட்ட பாதி

கணவாய்ப்பட்டி துணை மின்நிலையத்தில் ஜெபராணியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் இல்லை. காற்றாலை, சூரிய மின்சாரம், பெரிய பேட்டரி என்று புதிதாக வந்த எல்லாவற்றையும் சேர்த்து எப்படி நடத்துவது என்று கட்டுப்பாட்டு அறை ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். நிலக்கரியில் ஓடிய மின்நிலையத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். அதை மூடியபோது, எனக்கு வேறு ஊர் வேண்டாம், சொந்த ஊரான கணவாய்ப்பட்டிக்கே மாற்றிவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

காரணம் அவர் மனைவி சொர்ணம். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினுமாக இருப்பவர். மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் சிலிண்டர். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

வந்த முதல் நாளே ஆவுடையப்பன் கேட்டார்.

"காத்த எப்படி டீச்சர் நம்புறது?"

"ஏன் அண்ணாச்சி?"

"நிலக்கரின்னா மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். இவ்வளவு இருக்குன்னு கண்ணால பாத்துட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். இங்க எதப் பாத்துட்டுப் படுக்க?"

டீச்சர் சிரித்தார். "போகப் போகத் தெரியும்."

போகப் போக ஆவுடையப்பன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பேட்டரி. லாரி லாரியாக வந்து வளாகத்தில் இறங்கிய வெள்ளைப் பெட்டிகள். அதற்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று திரையில் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார்.

பேட்டரியைப் பாதியில் வைக்க வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை. டீச்சர் இருக்கும்போது அது பாதியில் இருக்கும். டீச்சர் பஸ் ஏறியதும் ஆவுடையப்பன் நிரப்பிவிடுவார். முழுசாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவர் எண்ணம்.

ஆடிக் காற்று அடித்த ஒரு மத்தியானம், மலைமேல் மரம் சாய்ந்து லைன் அறுந்தது. கணவாய்ப்பட்டியை வெளியூர்களோடு சேர்ப்பது அந்த ஒரு லைன்தான். அது அறுந்த கையோடு, சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளும் நின்றன. பேட்டரி முழுசாக இருந்தது. ஊர் இருண்டது.

திரும்ப மின்சாரம் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மரியசெல்வம் இன்னொரு சிலிண்டரை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, சொர்ணத்தின் சிலிண்டரில் அளவு காட்டும் முள் அடியில் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. புது சிலிண்டரை மாட்டிய பிறகுதான் மூச்சு சீரானது.

மறுநாள் காலை ஆவுடையப்பன் சவரம்கூடச் செய்யாமல் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் நிரப்பி வச்சேன் டீச்சர். நீங்க சொன்னத மீறித்தான் வச்சேன். ஆனா முழுசா இருந்துச்சு. முழுசா இருந்தும் ஏன் இருண்டது?"

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கேன்டீனுக்குக் காய் வாங்கணும். சந்தைக்கு வாங்க."

"ஒரு கேள்வி கேட்டேன் டீச்சர்."

"பஸ் வந்துரும் அண்ணாச்சி."

சந்தையில் டீச்சர் வாங்கிக்கொண்டே போனார். தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு அட்டை முட்டை. எல்லாவற்றையும் ஆவுடையப்பன் கையில் கொடுத்தார். இரண்டு கையும் நிறைந்த பிறகு ஒரு பூசணிக்காயை எடுத்து அவர் கக்கத்தில் சொருகினார்.

"இதுவுமா டீச்சர்?"

"இடம் இருக்கே."

திரும்புகிற பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. டீச்சர் வெறுங்கையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கீழ வச்சிராதீங்க. முட்டை இருக்கு" என்றார்.

மலைப்பாதையின் முதல் வளைவில் ஆவுடையப்பன் ஆடினார். இரண்டாவது வளைவில் சமாளித்தார். மூன்றாவதில் எதிரே ஒரு லாரி. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஆவுடையப்பன், தக்காளி, பூசணி எல்லாம் சேர்ந்து ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாள் மடியில் போய் விழுந்தார்கள்.

"யோவ்! மடியில வந்து உக்காருதீரே, என் மடிக்கும் சேத்து டிக்கெட் எடுத்திருக்கீரா?"

"தெரியாம விழுந்துட்டேன் தாயி."

"தெரிஞ்சு வேற விழுவீரோ! புதுச் சேல. பாரும், தக்காளிச் சட்டினி ஆக்கிட்டீரு."

கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, மேல கம்பி எதுக்கு வச்சிருக்கு? அழகுக்கா? பிடிச்சு நிக்க வேண்டியதுதானே?"

"எந்தக் கையால வே பிடிக்க?" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு பையை வாங்கிக்கொண்டார்.

"இப்ப ஒரு கை இருக்கு" என்றார்.

ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்தார். அதற்குப் பிறகு நிறைய வளைவுகள் வந்தன. அவர் விழவில்லை.

நிறுத்தத்திலிருந்து நடக்கும்போது அவராகவே சொன்னார்.

"லைன் அறுந்ததும், வெளியூருக்குப் போய்க்கிட்டிருந்த மின்சாரமெல்லாம் ஊருக்குள்ள தேங்கிருச்சு. பேட்டரி கொஞ்சம் உள்ள இழுத்திருந்தா தப்பிச்சிருக்கும். நான் இடமே விடல. அளவு மீறவும் காற்றாலை எல்லாம் தன்னைக் காப்பாத்திக்க மொத்தமா நின்னுருச்சு. அத்தன பெரிய இழப்பைப் பேட்டரியால ஒத்தையா தாங்க முடியல."

டீச்சர் தலையாட்டினார்.

"இல்லாமப் போனா என்ன செய்யன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர். கூடிப்போனா என்ன செய்யன்னு நெனைக்கல."

"முட்டை எத்தன உடைஞ்சிருக்குன்னு கேன்டீன்ல கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து ஆவுடையப்பன் பேட்டரியைப் பாதியில்தான் வைத்தார். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. திரையில் பாதியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சொர்ணத்தின் உதடு ஞாபகம் வந்தது. யாரும் பார்க்காதபோது அவர் விரல் நிரப்புகிற பொத்தான் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. டீச்சர் இதைப் பார்த்தார்.

அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் லைனை நாமளே துண்டிக்கிறோம். மேலே அனுமதி வாங்கியாச்சு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு. ஊருக்குள்ள ஆட்டோவுல மைக் கட்டி அறிவிச்சாச்சு."

"மரம் விழுந்தது பத்தாதா டீச்சர்?"

"மரம் சொல்லிட்டு விழல. நாம சொல்லிட்டுச் செய்யுறோம்."

"அப்ப எனக்கு லீவு வேணும். நான் சொர்ணத்துகிட்ட இருக்கணும்."

"அங்க மரியசெல்வம் இருக்காரு. நர்ஸ் வர்றாங்க. நிறைஞ்ச சிலிண்டர் ரெண்டு நானே கொண்டுபோய் வச்சுட்டேன். நீங்க இங்க இருக்கணும். பொத்தானை நீங்கதான் அமுக்கணும்."

"எத்தன பேர் இருக்காங்க. நான் எதுக்கு டீச்சர்?"

"பேட்டரிய நிரப்புன கை உங்க கைதானே அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை காற்று பலமாக அடித்தது. மலைச்சரிவில் காற்றாலைகள் எல்லாம் சுற்றின. வெயிலும் நல்ல வெயில். ஆவுடையப்பன் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்ன செய்யுத?"

"மூச்சு விடுதேன்" என்றார் சொர்ணம்.

"விளையாடாத. மரியசெல்வம் இருக்கானா?"

"இருக்கான். நர்ஸ் பிள்ளை இருக்கு. ரெண்டு பேரும் காப்பி குடிச்சிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு."

"சொர்ணம், பேட்டரி பாதிதான் இருக்கு."

"அதுக்கு?"

"பயமா இருக்கு."

"நீங்க வீட்ல இருந்தா மட்டும் என்ன பண்ணுவீங்க? மெஷினையே முறைச்சுக்கிட்டு இருப்பீங்க. நீங்க முறைச்சா அது கூட ரெண்டு ஊது ஊதுமா? வேலையப் பாருங்க." போனை வைத்துவிட்டார்.

டீச்சர் அவர் பின்னால் வந்து நின்றார்.

திரையின் நடுவில் ஓர் எண். அது ஐம்பதிலேயே நிற்க வேண்டும். ஊருக்கு வேண்டியதும், வருகிற மின்சாரமும் சமமாக இருந்தால் ஐம்பது. கூடினால் ஏறும். குறைந்தால் இறங்கும். ரொம்ப ஏறினாலும் ரொம்ப இறங்கினாலும் இருட்டு.

"அமுக்குங்க" என்றார் டீச்சர்.

ஆவுடையப்பன் அமுக்கினார்.

வெளியே எங்கோ டமார் என்று ஒரு சத்தம். லைன் பிரிந்தது. எண் ஏறியது. ஐம்பதைத் தாண்டி ஏறியது. போன தடவையும் இப்படித்தான் ஏறியிருக்கும். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தார்.

"பாருங்க" என்றார் டீச்சர்.

பாதி காலியாக இருந்த வெள்ளைப் பெட்டிகள் மின்சாரத்தை உள்ளே இழுக்கத் தொடங்கின. ஏறிக்கொண்டிருந்த எண் தயங்கியது. கொஞ்சம் இறங்கியது. திரும்ப ஏறப் பார்த்தது. பிறகு மெதுவாக ஐம்பதுக்கு வந்து உட்கார்ந்தது.

மேலே மின்விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை.

ஆவுடையப்பன் போனை எடுத்தார். நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டார்.

"சொர்ணம்! கரண்ட் போச்சா?"

"எப்ப போகும்? நாங்களும் எவ்வளவு நேரமாத்தான் காத்துக்கிட்டு இருக்க? மரியசெல்வம் கடையத் திறக்கணும்னு அவசரப்படுதான்."

"மெஷின் ஓடுதா?"

"காதுல விழலியா?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மெஷின் விட்டுவிட்டு ஊதுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார். வெளியிலிருந்து ஒரு பொட்டு மின்சாரம் வரவில்லை. தன் காற்றிலும் தன் வெயிலிலும் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு மில் ஓடியது. ஆஸ்பத்திரி ஓடியது. எண் ஐம்பதில் இருந்தது.

"லைனைச் சேத்துரட்டுமா டீச்சர்?" பொத்தானைத் தொடப் போனார்.

"இப்ப வேண்டாம்."

"பாத்தாச்சே டீச்சர். நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எப்பச் சேக்க?"

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நம்பரை ரெண்டு தடவை தப்பாப் போட்டீங்க அண்ணாச்சி. ஊரு நிதானத்துக்கு வந்து நேரமாச்சு. நீங்களும் வாங்க, அப்புறம் லைனைச் சேத்துக்கலாம்."