சார்ந்து போன சோலையப்பன்

புத்திசாலிகள் வாழும் ஊர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் நெட்டூரணியைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே கேட்பவர்கள். லைன்மேன் வந்து, "கம்பத்துக்கிட்ட யாரும் நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், கம்பத்தடியில் வரிசையாக உட்கார்ந்துகொள்வோம்.

அப்படிப்பட்ட ஊரில் மீனலோசனிக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. மண் பரிசோதனைப் படிப்பு. எந்த நாடு என்று சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் சங்கடப்படுவார்கள், வேண்டாம். ஊரே கூடி வாழ்த்தியது. "இங்க இல்லாத மண்ணா அங்க இருக்கு?" என்று சிலர் கேட்கவும் செய்தார்கள்.

அவள் கணவன் சோலையப்பன் பம்புசெட் மெக்கானிக். தன் குடும்பத்திலேயே தனக்குத்தான் மூளை அதிகம் என்று வெகுநாளாக நம்பிக்கொண்டிருந்தவன். மனைவிக்கு இடம் கிடைத்த அன்றுதான் அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது. ஆனாலும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் அடங்கியதும் பயம் வந்தது. மீனலோசனி சொல்லிவிட்டாள்: "நீங்களும் பிள்ளையும் வராம நான் விமானத்துல கால் வைக்க மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். விசா கிடைக்காவிட்டால் அவள் படிப்பு தன்னால் போகும் என்பதுதான் சோலையப்பனின் பயம்.

ஆறு வயது மகள் நறுமுகையைத் தூக்கிக்கொண்டு, சோலையப்பனின் தாய்மாமன் வள்ளிமுத்துவையும் சேர்த்துக்கொண்டு, காரைக்குடியில் ஜெபராஜ் என்ற விசா ஏஜெண்டிடம் போனார்கள். ஜெபராஜ் பொறுமைசாலி. அன்றைக்குக் காலை வரை.

"படிக்கப் போறவங்களுக்கு மாணவர் விசா. கூடப் போற புருஷன், பிள்ளைக்குச் சார்ந்திருப்போர் விசா. சும்மா பாத்துட்டு வர்றவங்களுக்குச் சுற்றுலா விசா. சரியானதை எடுக்கணும் சார். தப்பா எடுத்தா குடும்பம் ஆளுக்கொரு பக்கம் நிக்க வேண்டியதுதான்" என்றார்.

வேறு ஊராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நெட்டூரணியில் எதையும் கலந்து பேசாமல் முடிவெடுப்பதில்லை. அதுவும் நின்றுகொண்டுதான் பேசுவோம். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறோம். ஆகவே வீட்டு வாசலில் எல்லோரும் நின்றார்கள்.

"சுற்றுலா விசாவையே எடு மாப்ள. அதுல போனவன் அங்க வேலையே செய்யக் கூடாதாம், சட்டமே அப்படித்தானாம். ஒன்னய மனசுல வச்சு எழுதுன மாதிரி இருக்கு" என்றார் வள்ளிமுத்து.

"சட்டம் கடுமையா இருக்கும் போலயே மாமா. என்னால முடியுமா?"

"பழகிப் பாரு."

சோலையப்பன் மறுநாளே பழக ஆரம்பித்தான். குடிநீர்க் குடத்தைத் தொடவில்லை. மோட்டார் ஓடவில்லை என்று வந்தவர்களைக் கும்பிட்டு அனுப்பினான். நறுமுகை பள்ளிக்கூட ஷூவை நீட்டி, "கட்டி விடுங்கப்பா" என்றதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சட்டம் இடம் குடுக்கலையேம்மா" என்றான்.

மீனலோசனி தானே ஷூவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். "கல்யாணம் ஆனதிலேருந்து நீங்க இந்த விசாவுலதான் இருந்திருக்கீங்க போல. எனக்கு வித்தியாசமே தெரியலை."

சோலையப்பன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் சுற்றுலா போனவர்கள் சில மாதத்தில் கிளம்பிவிட வேண்டும் என்று ஜெபராஜ் போனில் சொன்னதும் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அடுத்து மானப் பிரச்சினை எழுந்தது. வள்ளிமுத்து மீசையைத் தடவினார்.

"நம்ம வம்சத்துல ஒரு ஆம்பளை பொண்டாட்டியைச் சார்ந்து போறதா? அவ மாணவர்னா நீயும் மாணவர் விசாவுல போ."

"நான் பத்தாவது பெயிலு மாமா."

"ரெண்டு தடவை எழுதுனேல்ல? அவ ஒரு தடவைதான் எழுதுனா. யாருக்கு அனுபவம் அதிகம்?"

சோலையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருடம் இந்தக் கோணத்தில் யாரும் பார்க்கவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது. ஜெபராஜிடம் போய்ச் சொன்னான். ஜெபராஜ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"சார், உங்களுக்குச் சார்ந்திருப்போர் விசாதான். வேற பேச்சே வேணாம். நீங்க மேடத்தைச் சார்ந்துதான் இருக்கீங்கன்னு அதிகாரிக்குச் சந்தேகமில்லாமத் தெரியணும். நிஜமான கல்யாணம்னு காட்ட நல்ல கல்யாண போட்டோ ஒண்ணு வேணும். மாப்பிள்ளை, பொண்ணு முகம் பளிச்சுனு தெரியணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை ஜெபராஜின் குற்றமாக நான் நினைக்கவில்லை. எங்களை அவருக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்து கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார்கள். எல்லாப் படத்திலும் பொண்ணு மாப்பிள்ளைக்குக் குறுக்கே வள்ளிமுத்து நின்றார். தாலி கட்டும் படத்தில் அவர் முதுகு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இதக் காட்டினா அதிகாரி என்னையும் உங்களையும்தான் புருஷன் பொண்டாட்டின்னு நினைப்பாரு மாமா" என்றான் சோலையப்பன்.

வள்ளிமுத்து தவறை ஒப்புக்கொண்டார். தவறு செய்தவரே செலவையும் ஏற்றுக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்தில் பிள்ளையார் கோயிலில் சோலையப்பனுக்கும் மீனலோசனிக்கும் மறுபடி கல்யாணம் நடந்தது. இந்த முறை முகம் பளிச்சென்று விழுந்தது. மடியில் உட்கார்ந்து லட்டு தின்ற நறுமுகையின் முகமும் பளிச்சென்று விழுந்தது. கல்யாணத்தை முறைப்படி பதிவும் செய்தார்கள். பதிவில் அன்றைய தேதியே விழுந்தது.

இடையில் சோலையப்பன் சார்ந்திருக்கவும் பழகிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தானைத் தானே போடவில்லை. தாகமெடுத்தால், "எனக்குத் தாகமா இருக்கா?" என்று மனைவியைக் கேட்டான். அவள் "இருக்கு" என்றால் குடித்தான். படித்த பெண்ணாயிற்றே, அவளாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளும் நெட்டூரணிக்காரிதான். ஏஜெண்ட் சொன்னதை மீறக் கூடாது என்று அவன் தாகத்தை நேரம் தவறாமல் கவனித்துக்கொண்டாள்.

நேர்காணல் சென்னையில். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேர் என்ன?"

சோலையப்பன் மனைவி பக்கம் திரும்பினான். "லோசனி, என் பேர் என்ன?"

"சோலையப்பன்."

"சோலையப்பனாம்" என்றான் அதிகாரியிடம்.

அதிகாரி அம்மா காகிதங்களைப் புரட்டினார். அவர் முகம் மாறியது. "உங்க கல்யாணம் போன வாரம் நடந்திருக்கு. மகளுக்கு ஆறு வயசு. போட்டோவுல மகளே மணமேடையில இருக்கா."

"அவளும் வரணும்ல மேடம்" என்றாள் மீனலோசனி. "வீட்டுல தனியா விட முடியாதே."

"விசாவுக்காகச் செஞ்ச கல்யாணமா இது?"

"ஆமாங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பொய் சொல்லக் கூடாது என்று ஜெபராஜ் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "படிப்பு அவங்களுக்கு. அவங்க போகட்டும். நீங்க மகளோட ஊர்லயே இருங்களேன்."

 என்ன பதில் சொல்வது என்று மனைவியைக் கேட்கச் சோலையப்பன் வாயெடுத்தான். அப்படியே உடைந்து அழுதுவிட்டான். "நாங்க இல்லாம இவ போக மாட்டாங்க. என்னால இவ படிப்புக் கெட்டுச்சுன்னா அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்? இவ இல்லாம எனக்குச் சோறு இறங்காதுங்க. நான் ஒண்ணுக்கும் ஆகாதவன். ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

மீனலோசனி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்திவிட்டு, கழன்றிருந்த பொத்தானையும் போட்டுவிட்டாள். நறுமுகை பையிலிருந்த பாதி லட்டை அப்பா வாயில் வைத்தாள்.

அதிகாரி அம்மா மூன்று பேரையும் நெடுநேரம் பார்த்தார். அவர் பார்த்த மனிதர்களிலேயே இந்த அளவுக்கு மனைவியைச் சார்ந்த ஆள் இன்னொருவன் இருந்திருக்க மாட்டான். பழைய ஆல்பத்தையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்தார். வள்ளிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் தெரிந்த பாதிக் காதை மாப்பிள்ளையின் காது என்று ஒத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது.

கிளம்பும்போது ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். "கவனமாக் கேட்டுக்குங்க. மாணவர் அந்த நாட்டுக்குள்ள நுழைஞ்சப்புறம்தான் சார்ந்திருக்கிறவங்க நுழையலாம். இதுல மட்டும் தப்பு பண்ணிராதீங்க."

"உசிரே போனாலும் பண்ண மாட்டோம்" என்று சோலையப்பன் சத்தியம் செய்தான்.

விமானத்தில் ஏறியதுமே அவனுக்குப் பகீரென்றது. அவனுக்கும் மகளுக்கும் முன்வரிசையில் இடம், மீனலோசனிக்கு வால்பக்கம். விமானம் மூக்கை நீட்டிக்கொண்டுதான் எல்லையைத் தாண்டும். அப்படியானால் அவன் நுழைந்து சற்று நேரம் கழித்துத்தான் அவள் நுழைவாள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, விமானத்தைப் பின்பக்கமாக ஓட்டச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டான். அந்தப் பெண் இடத்தை மாற்றிக் கொடுத்தாள். மீனலோசனி முன்னே வந்தாள், இவன் மகளோடு வாலுக்குப் போனான். வழி நெடுக நிம்மதியாகத் தூங்கினான்.

இறங்கியதும் குடியேற்றச் சோதனைக்கு வரிசை. தரையில் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டினால் கவுண்டர், கவுண்டரைத் தாண்டி வளைந்து போகும் ஒரு நடைவழி. சோலையப்பன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"நீ போய் முழுசா நுழைஞ்சிடு லோசனி. நுழைஞ்சதும் சொல்லு, நாங்க வர்றோம்."

மீனலோசனி முத்திரை வாங்கிக்கொண்டு நடைவழியில் வளைந்து மறைந்தாள். கையில் போன் இருந்தது, அந்த ஊர் சிம் இல்லை. ஆகவே காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, கோட்டைத் தாண்டித் திரும்பி வந்து சொன்னாள்: "நான் நுழைஞ்சிட்டேங்க. வாங்க."

சோலையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ எங்க நுழைஞ்ச? எங்கூடத்தானே நிக்கிற?"

மீனலோசனி கீழே பார்த்தாள். அவள் கால் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. "அட, ஆமால்ல" என்று திரும்ப உள்ளே ஓடினாள். நுழைந்தாள். நுழைந்துவிட்டதைச் சொல்ல மறுபடி வெளியே வந்தாள்.

"அம்மா உள்ளேருந்தே கத்திச் சொன்னா என்னப்பா?" என்று கேட்டாள் நறுமுகை.

சோலையப்பன் இதைத் தீர யோசித்தான். "கத்துனா குரல் வெளிய வந்துருமேம்மா. குரல் வெளிய இருக்கறப்ப ஆளு மட்டும் நுழைஞ்சா, அது எப்படி முழுசா நுழைஞ்சதாகும்? வம்பு வேணாம்."

காவலாளி முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், பிறகு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டார். மீனலோசனி நுழைந்தபடியும் வந்தபடியும் இருந்தாள்.

சேதி நெட்டூரணிக்கு எட்டியது. எங்கள் ஜில்லாவிலேயே அதிக தடவை வெளிநாடு போய் வந்த பெண் மீனலோசனிதான் என்று வள்ளிமுத்து ஊர் நடுவே பெரிய பேனர் கட்டிவிட்டார். பேனரில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. ஊரிலிருந்து கிளம்பிய அன்று படமெடுக்கும்போது குறுக்கே அவர் நின்றிருந்தார்.