கறுக்காத இரண்டு பட்டன்கள்

மென்பொருள் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் பரந்தாமன் ஒப்பந்தப் பணியாளர் தவமணியின் மேசைமுன் வந்து நின்றார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"நம்ம ஆப்புல தீம் கலரை மாத்தினாலும் சில பட்டன் மாறலை. எவனோ தீமைப் பயன்படுத்தாம, புரோகிராமுக்குள்ளயே நேரடியா கலரை எழுதி வச்சிருக்கான். நானூறு திரை இருக்கு, பத்து நிமிஷத்துல ஆளைக் கண்டுபிடி. அவனுக்கு இன்னைக்கே வேலைநீக்கக் கடிதம். ஆள் கிடைக்கலைன்னா அது உனக்கு."

தவமணி கணினிப் பக்கம் திரும்பினாள். எல்லாத் திரைகளுக்கும் நிறம் தரும் தீம் கோப்பில் ஒரே வரியைத் திருத்தி எல்லா பட்டன்களையும் கறுப்பாக்கினாள். திரைகளை வரிசையாக ஓடவிட்டாள். நானூறிலும் லாகின் திரையில் மட்டும் இரண்டு பட்டன்கள் பச்சையாகவே நின்றன. அந்தத் திரையின் புரோகிராமைத் திறந்தாள். எழுதியவர் பெயர் முதல் வரியிலேயே இருந்தது.

"யாரும்மா அது?"

"ஆள் கிடைச்சாச்சு சார். கடிதத்துல அனுப்புநர், பெறுநர் ரெண்டு இடத்துலயும் உங்க பேரையே போட்டுடட்டுமா?"